அன்னம்மாளாக இருந்திருக்க வேண்டியவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காதிலிருந்து கிடைத்தது.

ரோமில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கோயில். (தேடிப் போகாதீர்கள். பாதிக் கோயிலை நான்தான் கட்டினேன்.) மழைக்கு ஒதுங்கினேன், பக்தி என்று பொய் சொல்ல வேண்டாம். இடப்பக்கப் பீடத்தருகே, காசு போட்டால் சற்று நேரம் விளக்கு எரியும் பெட்டி ஒன்று இருக்கிறது. போட்டேன். மாடி உயரத்துக்கு விசுவாசம் என்ற இளம்பெண், சிலுவையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள். ஆடை காற்றில் பறக்கிறது. கோயிலுக்குள் காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்துச் சிற்பத்துக்கு அதுதான் முதல் விதி. அவள் காலடியில் ஒரு கிழவி. முடி அவிழ்ந்து பாம்பாக நெளிய, வாய் பிளந்து, பாதி உடம்பு பீடத்தின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. அவள் பெயர் பதிதம். திருச்சபைக்கு எதிரான கொள்கைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே கிழவி.

நமக்கு இது புதிதில்லை. நடராசர் காலடியில் முயலகன் கிடக்கிறான். அவனுக்கு யாருடைய முகத்தை வைத்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் கிழவியிடம் கேட்கத் தோன்றியது காதைப் பார்த்த பிறகு. மடல் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்துக்கு மேலே புதிதாக ஒரு துளை, அதில் சொட்டுப் போல ஒரு தோடு. நரகத்துக்குப் போகிற கொள்கைக்குத் தோடு எதற்கு? கொள்கைக்குக் காது எப்படிக் கிழியும்?

விளக்கு அணைந்தது. இருட்டில் நின்றபோது என் மனதில் முதலில் வந்தது "ஐயோ பாவம்" அல்ல. "நல்ல கதை" என்பதுதான். மிதிபடுகிற ஒருத்தியைப் பார்த்து அப்படி நினைத்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தக் கதை நேராக நடக்காமல் தத்தித் தத்தி வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருச்சங்கத் தீர்மானங்களுக்கு இணங்க, கலையானது விசுவாசிகளின் உணர்ச்சியைத் தூண்டும் கருவியாக—"

வேண்டாம். இதற்குப் பாடப்புத்தகம் இருக்கிறது.

இரண்டாவது: "சுதைச் சிற்பி லத்தான்சியோ கண்விழித்தபோது ரோமாபுரியின் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில்—"

அடித்துவிட்டேன். மணியை அடிக்காமல் இந்த ஊரைப் பற்றி எழுதியவர் யாருமில்லை.

மூன்றாவது, பேச்சிலேயே தொடங்கிவிடுகிறேன்:

"வாயை மூடுங்க கொமாரே. அன்னம்மாள் இவ்வளவு பேசியிருக்க மாட்டா."

"மரியாளையே பெத்தவடா அவ. பேசாமலா பெத்திருப்பா? நீங்க செய்யிற சிலையில எல்லாம் பிள்ளை பெத்தவளுக்கு வாய் மூடியேதான் இருக்கு. அது ஏன்?"

பேசுகிறவள் ஒர்சோலா, ஆற்றோரச் சந்தின் மருத்துவச்சி. கொமாரே என்பது அவள் பெயரல்ல. பிள்ளையைப் பிடிக்கிறவளையும் ஞானத்தாயையும் இந்த ஊர் அந்த ஒரே சொல்லால் கூப்பிடும். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒருத்திதான். எதிரே களிமண்ணைப் பிசைகிறவன் லத்தான்சியோ. பளிங்குக்கு வசதியில்லாத கோயில்களுக்கு நாணலும் கம்பியும் கட்டி, சுண்ணாம்பையும் பளிங்குத் தூளையும் குழைத்துச் சாத்தி, பளிங்கே வந்து ஏமாறும்படி சிலை செய்து தருகிறவன். கோபுரத்துச் சுதை உருவங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு வேலை விளங்கும். வண்ணம் மட்டும் கிடையாது.

அப்போது அந்தப் பீடம் புனித அன்னம்மாளுக்கு என்று பேச்சு. மரியாளின் தாய், சூல்கொண்ட பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவளுக்குத்தான். அவள் முகத்துக்கு ஒர்சோலாவை விட்டால் வேறு யார்? சந்தில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். லத்தான்சியோவின் மூத்த மகனும் அப்படித்தான். அந்தப் பிரசவத்தில் அவன் மனைவி ஃபிளமீனியா வலி தாங்காமல் கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுக்க, ஒர்சோலாவின் தோடு காது மடலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. ரத்தம் கழுத்தில் வழிய வழியப் பிள்ளையை வெளியே எடுத்துவிட்டுத்தான் அவள் காதைத் துடைத்தாள். பிறகு மேலே வேறு துளை போட்டு அதே பவளத் தோட்டை மாட்டிக்கொண்டாள். "ஃபிளமீனியா கொடுத்த கூலி" என்று சந்து முழுக்கக் காட்டிச் சிரிப்பாள்.

"சரி, வலி வந்தா எப்படித்தான் கத்துவாங்க?" லத்தான்சியோ விளையாட்டாகத்தான் கேட்டான்.

ஒர்சோலா தோளிலிருந்து சால்வையைத் தள்ளினாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்கி, வாயைப் பிளந்து, சத்தமே இல்லாமல் கத்திக் காட்டினாள். பட்டறையில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவள் சாதாரணமாகச் சிரித்தாள்.

"போதுமா? இதைச் செஞ்சு வச்சிடாதே. கோயில் பாத்ரே மயக்கம் போட்டு விழுவாரு."

அவன் அன்னம்மாளை வாய் மூடியேதான் செய்தான். கொஞ்சம் களைத்த, நல்ல முகம். காதை மட்டும் உள்ளது உள்ளபடி, கிழிசலோடும் தோட்டோடும் வைத்தான். தன் வீட்டு நன்றி அங்கே இருக்கட்டும் என்று நினைத்தான். ஒர்சோலா சந்துக்குப் போய், "இனிமே பிள்ளை மாட்டிக்கிச்சுன்னா வீட்டுக்கு வராதீங்கடி. கோயிலுக்குப் போய் என்கிட்ட முட்டி போடுங்க" என்று அறிவித்துவிட்டாள்.

3

பிறகு பிரான்ஸிலிருந்து செய்தி வந்தது. அந்த நாட்டு மன்னர் பதிதர்களின் கோயில்களை இடித்து, அவர்கள் வழிபடுவதையே குற்றமாக்கிவிட்டார். ரோமில் தேவ துதி, வாணவேடிக்கை, முச்சந்திகளில் நெருப்பு. பீடத்துக்குச் செலவு செய்கிற கர்தினாலுக்குப் பிரெஞ்சுத் தூதரின் தயவு வேண்டியிருந்தது. அன்னம்மாள் ஒரே நாளில் வேண்டாதவளானாள். அவள் இடத்தில் பதிதத்தை மிதிக்கும் விசுவாசம் வேண்டுமாம்.

இதைச் சொல்ல வந்தவர் பாத்ரே சில்வெரியோ, அந்தக் கோயிலை நடத்தும் சபையின் குரு, படித்தவர், நல்லவர், மூக்குப்பொடிப் பிரியர். காது கொஞ்சம் மந்தம். உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டுதான் பேச்சைக் கேட்பார்.

"வடக்கே என்ன பண்றானுங்க தெரியுமா லத்தான்சியோ? சிலையெல்லாம் உடைச்சு, சுவத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு, வெறும் பெஞ்சுல உக்காந்து புத்தகம் வாசிக்கிறானுங்க. அன்னம்மாள் வேதத்திலேயே இல்லையாம், கண்டுபிடிச்சுட்டானுங்க. அதுக்கு நாம புத்தகத்தாலயா பதில் சொல்றது? நம்ம ஜனம் வாசிக்காது. நம்ம ஜனம் பாக்கும். பாத்தா அழும். அழுதா நம்பும்."

அவர் லத்தான்சியோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இடத்தைக் காட்டினார். மேலே சுவரைக் குடைந்து ஒரு சன்னல், அதற்கு மஞ்சள் கண்ணாடி. கீழே நிற்பவனுக்குச் சன்னல் தெரியக் கூடாது, வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும். விசுவாசத்தின் மேல் பரலோகமே இறங்கியதுபோல. கிழவி மட்டும் நிழலில்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது தானாக மேலே ஏறிவிட்டது: அந்தக் காலத்துக் கலையை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். மறைத்துவைத்த அந்தச் சன்னலைப் பார்த்து நானே அழுதிருக்கிறேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பின்னும் அழுதேன். பாத்ரே சொன்னது என் விஷயத்தில் சரி. வெட்கமாகத்தான் இருக்கிறது.)

"திருவிழாவுக்குள்ள முடியணும்" என்றார் பாத்ரே.

"புதுசா ரெண்டு உருவம். ரெண்டு முகம். முடியாதே பாத்ரே."

"கிழவி முகம் ஒண்ணு தயாரா இருக்கே! அன்னம்மாளுக்குச் செஞ்சது. வாயைத் திற. முடியை அவிழ். நாலு பாம்பைப் போடு."

லத்தான்சியோ மெல்லச் சொன்னான். "பாத்ரே, அது... அது ஒரு ஆளோட முகம். சந்துக்கே தெரியும்."

"என்ன?" பாத்ரே உள்ளங்கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

அவன் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம், கொஞ்சம் உரக்க. பாத்ரே கெட்டவரல்ல, காதில் விழுந்திருந்தால் யோசித்திருப்பார். ஆனால் அடுத்து கோயில் கூரையின் சுதை வேலை இருந்தது, அதைக் கேட்டு வேறு இரண்டு சிற்பிகள் கர்தினால் வீட்டு வாசலில் நின்றார்கள், ஃபிளமீனியா மறுபடி முழுகாமல் இருந்தாள்.

"ஒண்ணுமில்ல பாத்ரே" என்றான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நாம் சொல்வோம். அது கை தவறினால் சொல்வது. இங்கே கை தவறவில்லை. நான் சொல்லக் கூசுகிற இடம் இதுதான்: களிமண்ணில் அந்த வாயைத் திறக்க அவன் புதிதாக யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒர்சோலா காட்டிய கத்தல் விரலில் இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் முகம் உயிர் பெற்றுக் கத்தியது. அதுவரை அவன் செய்ததில் அதற்கு ஈடு எதுவுமில்லை. அன்று அவன் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

4

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சில நாள் சும்மா இருந்தேன். ஒர்சோலா மேல் சந்தேகம் வந்துவிட்டது. காது கிழிந்தும் பிள்ளையை எடுக்கிறாள், சிரிக்கிறாள், எல்லோருக்கும் நல்லவள். இப்படி ஒருத்தியை மிதிக்கக் கொடுத்தால் யாருக்கும் மனம் இளகும். அது பாத்ரேயின் வித்தை அல்லவா? சன்னலை மறைத்துவிட்டு வெளிச்சத்தைக் காட்டுவது. ஆகவே மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன்: அவள் வாய் பொல்லாதது. வலியில் துவண்ட பெண்களைக் கன்னத்தில் அறைந்திருக்கிறாள். பிரான்ஸ் செய்தி வந்த அன்று முச்சந்தி நெருப்புக்குத் தன் வீட்டு உடைந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

லத்தான்சியோ மேலும் சந்தேகம் உண்டு. முகத்தை மாற்றியவன் காதை ஏன் மாற்றவில்லை? கைப்பழக்கத்தில் விட்டானா, அழித்துவிட மனம் வரவில்லையா, யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று உள்ளுக்குள் விரும்பினானா? கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல" என்கிறான். அவனுக்கு அது ஒன்றுதான் வரும்.

திருவிழாவுக்கு முன்பு ஒர்சோலா பட்டறைக்கு வந்தாள். ஃபிளமீனியாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்த வழி. மடியில் கூனைப்பூ மொட்டுகள், இந்த ஊர்க்காரர்கள் காயாகச் சமைப்பது.

"பீடம் மாறிடுச்சாமே?"

"ஆமா கொமாரே."

"அப்ப என் முகம் போச்சா?"

"போகல... இருக்கு."

"எங்க?"

"பீடத்துலதான்."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி, விசுவாசமாவா? இந்த வயசுலயா? மார்பைக் கொஞ்சம் தூக்கி வச்சியா, இல்ல இருக்கிற மாதிரியே விட்டுட்டியா?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். லத்தான்சியோ ஆமென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. அவனும் சிரித்தான்.

"கீழ ஒரு கிழவி கிடக்கிறாளாமே, பதிதம்? நல்லா அழுத்தி மிதிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கூனைப்பூவை அவன் மேசையில் வைத்துப் போனாள். "ஃபிளமீனியாவுக்கு எண்ணெய் விட்டு வதக்கிக் குடு. பாலு ஊறும்."

(மிதிக்கச் சொல்லும் அந்த வசனத்தை அவள் வாயில் வைத்தது நான். கதைக்கு உதவும் என்று வைத்தேன். லத்தான்சியோ பாம்பு வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.)

5

திருவிழாவன்று சந்து முழுவதும் கோயிலில் இருந்தது. கர்தினாலும் பிரெஞ்சுக்காரர்களும் முன்வரிசை நாற்காலிகளில். ஒர்சோலா பவளத் தோட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ, தூண் ஓரத்தில் இடம் பிடித்திருந்தாள். சூல்கொண்டவர்கள்கூட வந்திருந்தார்கள், கொமாரேயின் முகத்தைப் பார்த்துக் கும்பிட.

பாட்டு உயர்ந்தது. சிலையை மூடியிருந்த துணி விழுந்தது. மேகம் விலகியதோ என்னவோ, மஞ்சள் வெளிச்சம் சரியாக அந்த நேரத்தில் விசுவாசத்தின் நெற்றியில் இறங்கியது. கோயிலே மூச்சை இழுத்தது. ஆண்கள் அழுதார்கள். லத்தான்சியோ பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, சிலையைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தான்.

சந்துப் பெண்கள் விசுவாசத்தின் முகத்தில் தேடினார்கள். அங்கே அவள் இல்லை. கண்கள் மெல்லக் கீழே இறங்கின. கிழவியின் வாய், பாம்பு, பிறகு—

"ஏய், அது நம்ம..." என்று யாரோ தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கிழிந்த மடல். அதற்கு மேலே தோடு.

சூல்கொண்டவள் கோரத்தைக் கண்ணால் பார்த்தால் அந்தக் கோரம் பிள்ளையின் முகத்தில் இறங்கும் என்பது இந்த ஊர்க்காரர்களின் திண்ணமான நம்பிக்கை. ஒரு கணவன் தன் மனைவியின் கண்ணைக் கையால் மூடினான். பக்கத்தில் நின்றவனும் மூடினான். அவர்கள் அந்தப் பெண்களைச் சிலைப் பக்கமிருந்து திருப்பினார்கள். திருப்பிய இடத்தில் ஒர்சோலா நின்றாள். அவள் பக்கமிருந்தும் திருப்பினார்கள்.

ஒர்சோலாவின் கை தன் காதுக்குப் போனது. தொட்டுப் பார்த்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்பதுபோல. பிறகு சால்வையைத் தலைவழியே இழுத்து, காதையும் தோட்டையும் மூடிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே வாசலை நோக்கி நடந்தாள். வழிவிட்டார்கள். வழிவிட்ட விதத்தில் மரியாதை இல்லை.

பாட்டு முடிந்ததும் பாத்ரே முகமெல்லாம் பல்லாக வந்தார். "கர்தினால் கிழவியைத்தான்பா ரொம்ப ரசிச்சாரு! இந்த வாயை எங்கிருந்து பிடிச்சான்னு கேட்டாரு. கூரை வேலை உனக்குத்தான்."

லத்தான்சியோ குனிந்து அவர் கையை முத்தமிட்டான்.

6

அதன் பிறகு ஒர்சோலாவைப் பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மருத்துவச்சியை அழைத்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, கல்லெறியவில்லை. அவள் எதிரே வந்தால் வயிறு தெரியும் பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான். சிறுசுகள் மட்டும் அவள் சன்னலுக்குக் கீழே வந்து வாயைப் பிளந்து காட்டிவிட்டு ஓடின.

ஃபிளமீனியா கணவனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். பேசியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

"கிழிச்சவ நான். அதைக் கோயில்ல மாட்டி வச்சவன் நீ. அந்தக் கரைக்காரி என்னைத் தொடக் கூடாது. ஒர்சோலா வரலைன்னா நான் இதைப் பெத்துக்க மாட்டேன், பாத்துக்கோ."

இங்கே எனக்கு நல்ல வழிகள் இரண்டு கிடைத்தன. ஒன்று: லத்தான்சியோ சுத்தியலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கிழவியின் முகத்தை உடைக்கிறான். எழுதிப் பார்த்தேன், ஆவேசமாக வந்தது. ஆனால் முகம் இன்றும் அங்கே உடையாமல் இருக்கிறது, நானே பார்த்தேன். இரண்டு: பாத்ரே உண்மையை அறிந்து பிரசங்க மேடையிலிருந்து ஒர்சோலாவிடம் மன்னிப்புக் கேட்கிறார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். (நடந்தது என்கிறேன் பாருங்கள்.) நடுப்பகலில் ஃபிளமீனியாவுக்கு வலி கண்டது. லத்தான்சியோ சந்தில் இறங்கி, எல்லாச் சன்னலும் பார்த்துக்கொண்டிருக்க, ஒர்சோலாவின் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தான் கொமாரே."

"இந்த வீட்டுல கொமாரே யாருமில்ல. எனக்கு இப்ப வேற பேரு. உனக்குத் தெரியுமே."

கதவு திறந்துதான் இருந்தது. அவள் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளேயும் சால்வை தலையில் இருந்தது. லத்தான்சியோ முட்டி போட்டான்.

"எந்திரி. முட்டி போடுறதெல்லாம் கோயில்ல வச்சுக்கோ. அங்கதான் வெளிச்சம் நல்லா விழும்."

"தப்புதான். நான் பாத்ரேகிட்ட சொன்னேன். அவருக்குக் காது கேக்கல."

"சத்தமாச் சொன்னியா?"

தெருவில் சன்னல்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அதைவிட அவள் கேள்விதான் அவனைக் கொன்றது.

ஒர்சோலா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "தண்ணி வச்சியா?"

"வைக்கல."

"வைக்கல. பிள்ளை மட்டும் வருது." அவள் கத்தியையும் நூலையும் துணியில் சுற்றினாள். "உனக்காக வரல. அந்தப் பொண்ணு இன்னொரு காதையும் இழுக்கணும்னு ஆசைப்படுறா. போ, நட."

7

ஆண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. ஆனால் கால் பிடிக்க ஆளில்லை. ஒர்சோலா இருக்கும் வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரும் வரவில்லை. "வந்து பிடிடா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

போனான். ஃபிளமீனியா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்கி, வாயைப் பிளந்திருந்தாள். முடி அவிழ்ந்து வியர்வையில் ஒட்டிக் கழுத்தில் நெளிந்தது. லத்தான்சியோ அந்த முகத்தை அறிவான். அதற்குத்தான் பாம்பு வைத்தான். அதைத்தான் கர்தினால் ரசித்தார். ஊரே கண்ணை மூடிக்கொண்டதும் இதற்குத்தான். இந்த உலகத்தில் பிறந்த எவரும் அந்த முகத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள், கர்தினால் உட்பட.

ஒர்சோலா நிமிராமலே சொன்னாள்: "நல்லாப் பாத்துக்கோ. வாயை நீ இன்னும் பெரிசாத் திறந்திருக்கணும்."

பெண் குழந்தை. முகத்தில் எந்தக் கோரமும் இறங்கவில்லை. ஒர்சோலா அதைத் துடைத்துச் சுற்றும்போது ஃபிளமீனியா கையை நீட்டினாள். காதை இழுக்கவில்லை. சால்வையை விலக்கி, அந்தக் கிழிந்த காதருகே வாயைக் கொண்டுபோய் ஏதோ சொன்னாள். லத்தான்சியோவுக்குக் கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் அவனுக்கு இல்லை.

இந்த ஊர் வழக்கப்படி தாய் ஞானஸ்நானத்துக்குப் போவதில்லை. பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போகிறவள் மருத்துவச்சி. தாய் தன்னிடம் சொல்லி அனுப்பிய பெயரைத் தொட்டியருகே உரக்கச் சொல்கிறவளும் அவள்தான். தகப்பன் பின்னால் நடப்பான். வாசலில் இருந்து ஞானஸ்நானத் தொட்டிக்குப் போக, அந்த இடப்பக்கப் பீடத்தைத் தாண்டாமல் வழி கிடையாது.

ஒர்சோலா பிள்ளையோடு சந்தில் நடந்தாள். சன்னல்களில் தலைகள் தெரிந்தன. கோயில் வாசலில் அவள் சால்வையைத் தலையிலிருந்து தோளுக்குத் தள்ளினாள். காதும் தோடும் வெளியே வந்தன. பின்னால் சிலர் உள்ளே நுழைந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான். தொட்டியருகே பாத்ரே சில்வெரியோ வெள்ளை அங்கியில் நின்றுகொண்டிருந்தார்.

பீடத்துக்கு எதிரே ஒர்சோலா நின்றாள்.

8

இங்கிருந்து எனக்கு எழுத வரவில்லை.

அவள் சிலையைப் பார்த்துக் காறி உமிழ்வதாக எழுதினேன். கைதட்டல் வாங்கும். பிள்ளையைத் தூக்கி அந்தக் கத்தும் வாய்க்கு நேரே காட்டுவதாக எழுதினேன், இதிலிருந்துதான் நீ வந்தாய் என்பதுபோல. அழகாகத்தான் இருந்தது, அதனாலேயே அடித்தேன். அவள் லத்தான்சியோவைத் திரும்பிப் பார்த்து மன்னிப்பதாகவும் ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டேன், ஏனென்றால் அந்த மன்னிப்பு அவனுக்கு அல்ல, எனக்கு. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் "நல்ல கதை" என்று நினைத்தவனுக்கு.

ஒருமுறை ஒருவன் விளையாட்டாகக் கேட்டான், அவள் முகத்தைக் காட்டினாள். அதை என்ன செய்தான் என்று பார்த்தோம். இன்னொரு முறை ஒரு முகம் காட்டச் சொல்லி அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆகவே பீடத்துக்கு எதிரே அவள் எப்படி நின்றாள், முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். எனக்கு அவள் முதுகுதான் தெரிகிறது, கிழிந்த அந்தக் காதோடு.

பெயரும் எனக்குத் தெரியாது. ஃபிளமீனியா அதை அந்தக் காதுக்கு மட்டும்தான் சொன்னாள். அது ஒரு புனிதையின் பெயராக இருக்கலாம், ஒரு மருத்துவச்சியின் பெயராகவும் இருக்கலாம். லத்தான்சியோவுக்கும் தெரியாது, சந்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் சொந்தப் பிள்ளையின் பெயர் தெரியாமல் பின்னால் நிற்கிறான்.

தொட்டியருகே பாத்ரே கேட்டுவிட்டார்: "பிள்ளைக்குப் பேரு என்ன?" உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். என்ன பெயராக இருந்தாலும் உரக்கச் சொல்லுங்கள், அவருக்குக் காது மந்தம்.